கசடும் பசளையும்: ஓர் அறவியல் நோக்கு

பெற்றோலியத் தாங்கிகளின் அடியிலும் மின் நிலையங்களின் கழிவுக் குழிகளிலும் படியும் எண்ணெய்க் கசட்டினை வைக்கோல், மரத்தூள், மாட்டெரு என்பவற்றோடு கலந்து உக்கச் செய்து பயிருக்கு இடலாம் என்னும் கருத்து விஞ்ஞான உலகிற்குப் புதியதன்று. கழிவு குறைகிறது, கமக்காரனுக்கு மலிவான பசளை கிடைக்கிறது. இத்தகைய நன்முயற்சியில் அறவியலுக்கு என்ன வேலை என ஒருவர் வினவலாம். 'பசளை' என்ற அச்சொல்லிலேயே வேலை இருக்கிறது.

குவியலினுள்ளே நிகழ்வதை முதலில் நோக்குதல் வேண்டும். எண்ணெயிற் காபன் மிகுதி. நைதரசன் மிகக் குறைவு. மாட்டெரு அக்குறையை நிரப்ப, காபனும் நைதரசனும் ஏறத்தாழ 30க்கு 1 என்னும் விகிதத்தை அணுகுமிடத்து நுண்ணங்கிகள் பெருகுகின்றன. புரட்டி ஒட்சிசன் ஊட்டி ஈரம் பேணினால், எளிய ஐதரோக்காபன்கள் சிதைந்து ஈற்றில் காபனீரொட்சைட்டும் நீருமாகின்றன. பல வளையங்களைக் கொண்ட சேர்வைகளோ இலகுவில் அசைவனவல்ல. அவற்றுட் சில புற்றுநோயை விளைப்பன. கசட்டிலுள்ள நிக்கல், வனேடியம், ஈயம் முதலிய உலோகங்களை எந்த நுண்ணங்கியாலும் அழித்தல் இயலாது. ஒரு பங்கு கசட்டுடன் ஒன்பது பங்கு வைக்கோலைச் சேர்த்தால், வைக்கோலில் உலோகமில்லை எனக் கொள்ளுமிடத்து, உலோகத்தின் செறிவு பத்திலொன்றாகும்; உலோகத்தின் மொத்த அளவு சிறிதும் குறையாது. வைக்கோல் உக்கி எடை இழக்க, அச்செறிவு மீண்டும் ஏறவுஞ் செய்யும்.

ஆகவே இரு வேறு செயல்கள் ஒரே பெயரின்கீழ் நடைபெறுகின்றன. நஞ்சை மாற்றுதல் ஒன்று. நஞ்சைப் பரப்புதல் மற்றையது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில், ஆலைக் கழிவுகள் பசளையாக வயல்களுக்குச் செல்வதை 1997 இல் சியாற்றில் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. அங்கு பேசப்பட்டவற்றுள் உருக்காலைகளின் தூசும் ஒன்று. அதில் நாகம் உண்டு என்பதற்காக அது பசளைக்கு மூலப்பொருளாயிற்று. நாகத்தோடு ஈயமும் கட்மியமும் கூடச் சென்றன. ஆலை வாயிலில் நச்சுக் கழிவாக இருந்தது, பையிலிட்டுத் தைத்ததும் பசளையாயிற்று. 1998 இல் அம்மாநிலம் பசளையிலுள்ள உலோகங்களுக்குச் சட்டத்தால் எல்லை விதித்தது.

உண்மையைக் கூறிக் கமக்காரனின் சம்மதத்தைப் பெற்றால் குற்றமில்லை என வாதிப்போர் உளர். வலுவுள்ள வாதமே. ஆயின் 1859 இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் மில் வகுத்த எல்லையை இங்கு மறத்தலாகாது: தன்னைப் பாதிக்கும் செயலில் மனிதன் தன் விருப்பின்படி நடக்கலாம், பிறருக்குத் தீங்கு விளைப்பதில் அவ்வுரிமை அவனுக்கில்லை. வலிகாமத்துச் செம்மண்ணின் கீழிருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே காணிகள் வேறு வேறாயினும் கீழே நீர் பொதுவானது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தமை யாவரும் அறிந்ததே. தன் தோட்டத்துக்குச் சம்மதிக்கும் ஒருவன் அயலவனின் கிணற்றுக்கும் சேர்த்துச் சம்மதிப்பது எங்ஙனம்?

கசட்டை எரித்தலும் புதைத்தலும் தூய செயல்களல்ல என்பதும் உண்மை. முன்னையது அதனைக் காற்றுக்கும், பின்னையது வருந் தலைமுறைக்கும் ஒப்படைக்கிறது. ஆதலின் உக்கவைத்தலை முற்றாக மறுத்தல் நேர்மையாகாது. ஆலை தன் சொந்த வளவிலே, நீர் கசியாத தளத்தின்மீது அதனை உக்கவைக்கட்டும். விளைந்ததை முதலில் தன் நிழல்மரங்களுக்கே இடட்டும். அதன் விற்பனையால் இலாபம் பெறாத ஒருவர் அம்மண்ணையும் அயற்கிணறுகளையும் ஆண்டுதோறும் சோதிக்கட்டும். வெங்காயப் பாத்திக்கு அது செல்லும் நாள் வருமாயின், எந்த உலோகம் எவ்வளவு உண்டென்பது பையின்மேல், கமக்காரன் வாசிக்கும் மொழியில், அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும்.