‘ஹீ’க்குள் யார் இருக்கிறார்கள்?

ஆங்கிலத்துல பொதுவா ‘ஹீ’ன்னு எழுதினா பெண்களும் அதுல அடக்கம்தானே, வெறும் இலக்கணத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? இப்படிக் கேட்பவர்கள் 19ஆம் நூற்றாண்டுச் சட்டங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்குச் சட்டமே போட்டது: வேறு மாதிரி சொல்லப்படாதவரை, சட்டத்தில் வரும் ஆண்பால் சொற்கள் பெண்களையும் குறிக்கும். தெளிவாகத்தானே இருக்கிறது? 1867இல் வாக்குரிமையை விரிவாக்கிய சட்டம் ‘மேன்’ என்றது. அதை ‘பெர்சன்’ என மாற்றச் சொன்ன ஜான் ஸ்டூவர்ட் மில் தோற்றுப்போனார். சரி, ‘மேன்’ என்றாலே நாங்களும்தானே என்று மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம் கேட்டார்கள். 1868இல் நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. வரி கட்டும்போது மட்டும் ஆண்பாலுக்குள் பெண்ணும் இருந்தாள்.

அமெரிக்காவில் சூசன் பி. ஆன்டனி இதைத்தான் பிடித்துக்கொண்டார். 1872இல் தடையை மீறி வாக்களித்தார், வழக்கு வந்தது. வரிச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் ‘ஹீ’தானே இருக்கு, அப்போ பெண்களுக்கு வரியும் கூடாது, தண்டனையும் கூடாது என்பது அவர் வாதம். 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கட்டவே இல்லை.

ஒரே வேரியபிள், ஒரு இடத்துல ஒரு மதிப்பு, இன்னொரு இடத்துல வேற மதிப்பு. எங்க தொழில்ல இதுக்குப் பேர் பக். ஆனால் இதை பக் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பக் இவ்வளவு ஒழுங்காக ஒரே பக்கம் சாயாது: கடமை என்றால் பெண் உள்ளே, உரிமை என்றால் வெளியே.

ஒருவரைக் குறிக்க ‘தே’ போட்டால் யாரைச் சொல்கிறோம் என்றே குழம்பும் என்கிறார்கள். குழம்பட்டும். அந்தத் தெளிவான ஆண்பால் யாரைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள மான்செஸ்டர் பெண்கள் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது.