தீட்டு எதுவரைக்கும்?



போன மாச உபவாச ஜெபத்தில் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். புசிக்கக்கூடாத பறவைகளில் முதலாவது வருகிறது கழுகு. செத்ததைத் தின்கிற பட்சிதானே என்று நான் தாண்டிப் போகப் பார்த்தேன். ஆவியானவர் விடவில்லை.

யாத்திராகமம் 19-ல் கர்த்தர் இஸ்ரவேலைச் சுமந்து வந்ததற்கு உவமையாகச் சொன்னது எந்தச் செட்டை? அதே கழுகின் செட்டை! ஏசாயா 40-ல் காத்திருக்கிறவர்களுக்கு வாக்குப்பண்ணினதும் அதுதான். எபிரெயுவில் எல்லா இடத்திலும் 'நெஷெர்' என்கிற ஒரே வார்த்தை. நம்ம காலண்டர் படத்தில் வெள்ளைத் தலையோடு பறக்கிறதே, அது அமெரிக்கக் கழுகு. மீகா 1:16-ஐ எடுத்துப் பாருங்க, அங்கே மொட்டைத் தலைக்கு உவமை இந்த நெஷெர். தலையிலும் கழுத்திலும் இறகில்லாதது பிணந்தின்னிக் கழுகுதான் என்று வேத பண்டிதர் பலர் சொல்லுகிறார்கள்.

அப்படியானால் தீட்டு என்று சொன்னதால் கர்த்தர் அதை வெறுத்தாரா? இல்லை. சட்டம் என் சாப்பாட்டுத் தட்டுக்கு. பறவைக்கு அவமானம் இல்லை. யோபு 39-ல் அது உயரத்தில் கூடு கட்டுவதே தம் கட்டளையால் என்கிறார்.

அது செய்கிற வேலையைப் பாருங்க. ஆந்த்ராக்ஸ் கிருமியையும் அழிக்கிற அமிலம் அதன் வயிற்றில் இருக்கிறது. நம் தேசத்தில் வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் 1992-க்கும் 2007-க்கும் நடுவே நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்துபோயின. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்று 2004-ல் தெரிந்தது. அந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். 2006-ல் மாட்டு வைத்தியத்துக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் செத்த மாடுகள் கிடந்து நாறின, நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை இதனால் ஏறக்குறைய 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிடுகிறது. அருவருத்தோமே, அது இல்லாமல்போன பிறகுதான் அருமை தெரிந்தது.

இப்ப என் காரியம். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

எங்க வீட்டுப் பசு செத்தபோது தூக்க வந்தவர் நம்ம சபை விசுவாசிதான். என்னைவிட மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை அவரை 'பிரதர்' என்பேன். அன்றைக்குத் தொழுவத்தில், "சீக்கிரம் இழுத்துட்டுப் போப்பா" என்றேன். அவரே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து தண்ணி கேட்டார். கொடுத்தேன். அவர் போனதும் அந்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன்.

என் மனைவி பார்த்துவிட்டாள். "ஏங்க, நேத்து கர்த்தருடைய பந்தியில ரெண்டு பேரும் ஒரே பாத்திரத்துலதானே குடிச்சீங்க?"

பதில் இல்லை. வேதத்தைத் திறந்தேன். செத்த மிருகத்தைத் தொட்டவன், சுமந்தவன் எதுவரைக்கும் தீட்டு? லேவியராகமம் 11:39, 40 பாருங்க. சாயங்காலம் வரைக்கும். அவ்வளவுதான்! மோசேயின் சட்டம் ஒரு பொழுதோடு விட்டதை, கிருபையின் காலத்தில் இருக்கிற நான் தலைமுறை தலைமுறையாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பேதுரு யோப்பாவிலே யார் வீட்டில் தங்கினார்? தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில். தீட்டானதை நான் புசித்ததே இல்லை என்று அவர் கர்த்தரிடத்தில் வாதாடினதும் அந்த வீட்டு மாடியிலேதான்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்த அக்கா காப்பி கொடுத்தாங்க, குடித்தேன். அவர்தான் முதலில் பேசினார். "பசு போயிருச்சே பிரதர், பிள்ளைகளுக்குப் பாலுக்கு என்ன பண்றீங்க?"