மாராள் என்னும் பெயர்

எபிரேய வேதாகமத்தில் ஒருவருடைய பெயர் மாறுமாயின், அது பெரும்பாலும் மேலிருந்து அருளப்படும் மாற்றமாகவே இருக்கிறது. 99-ஆம் வயதில் ஆபிராமை ஆபிரகாம் என்றும், அவன் மனைவி சாராயைச் சாராள் என்றும் அழைத்தவர் கடவுளே; யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபு கேட்டது ஆசீர்வாதம் ஒன்றே, பொழுது புலரும் வேளையில் அவனுக்கு வாய்த்ததோ இஸ்ரவேல் என்னும் நாமம். இத்தகைய விருத்தாந்தங்களுக்கு நடுவே, ஒரு விதவை தன் வாயாலேயே தன் பழைய பெயரைத் தள்ளி, தன் துக்கத்தையே பெயராக வைத்துக்கொள்ள முற்படுகின்ற ஓரிடம், 85 வசனங்களே கொண்ட ரூத்தின் சரித்திரத்தில் இருக்கிறது.

நியாயாதிபதிகள் ஆண்ட காலத்தில், 'அப்பத்தின் வீடு' என்று பொருள்படும் பெத்லகேமிலேயே பஞ்சம் உண்டாக, எலிமெலேக்கு என்பவன் மனைவி நகோமியையும் இரண்டு குமாரரையும் அழைத்துக்கொண்டு சவக்கடலுக்குக் கிழக்கேயுள்ள மோவாப் தேசத்துக்குப் போனான். அங்கே அவன் மாண்டான். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிவதற்குள் மக்லோன், கிலியோன் என்னும் மக்களும் சந்ததியின்றி மாண்டார்கள். மக்லோனின் விதவையான மருமகள் ரூத்தோடு நகோமி திரும்பி வந்தபோது, ஊர் முழுதும் பரபரப்புற்று, பெண்கள் கூடி, இவள் நகோமிதானா என்று வினவினார்கள். நகோமி என்பது இனிமையைக் குறிக்கும் பெயர். அந்தப் பெயரால் தன்னை இனி அழைக்க வேண்டாம், கசப்பு என்று பொருள்படும் மாராள் என்றே அழையுங்கள் என்று அவள் வேண்டினாள். நிறைவாய்ப் போன தன்னைக் கர்த்தர் வெறுமையாய்த் திரும்பிவரப் பண்ணினார் என்றும், தனக்குத் தீங்கிழைத்தவர் சர்வவல்லவரே என்றும் அவள் வெளிப்படையாகச் சொன்னாள்.

சர்வவல்லவர் என்று தமிழில் வழங்கும் 'ஷதாய்' என்னும் திருநாமம் எபிரேய வேதத்தில் மிகுதியாக ஒலிப்பது யோபின் நூலில். அங்கே 31 முறை வருகிறது. நகோமி அதனை எடுத்தாளும்போது, யோபு நின்ற இடத்திலேயே அவளும் நிற்கிறாள். தன் துயரத்தை விதியின் மேலோ, அயல்நாட்டின் மேலோ, பிழையான முடிவெடுத்துச் சென்ற கணவன் மேலோ சுமத்தாமல், யாரை வணங்குகிறாளோ அவர் மேலேயே நேராகச் சுமத்துகிறாள். இதனை விசுவாசக் குறைவென்று கண்டிக்கும் பிரசங்கங்களை நான் ஏற்பதற்கில்லை. கடவுளோடு வழக்காடுகிறவள் கடவுளை விட்டு விலகியவள் அல்லள். அன்றியும், வேதம் அவளைக் கடியாதபோது நாம் கடிவதற்கு நமக்கு என்ன அதிகாரம்?

கடியவில்லை என்பது மட்டுமன்று. அவள் கேட்டதைத் தரவும் இல்லை. மாராள் என்னும் பெயர் அந்த ஒரே வாக்கியத்தில் அவள் வாயில் தோன்றி, பிறகு ஒருவர் வாயிலும் வராமல் போகிறது. அவள் பேசி முடித்தவுடனேயே, இப்படியாக நகோமி திரும்பி வந்தாள் என்று கதை சொல்பவர் பழைய பெயரையே இட்டு எழுதுகிறார். அவளுடைய பிரலாபத்தின் ஓர் எழுத்தையும் குறைக்காமல் பதிவு செய்த அதே கை, அந்தப் பிரலாபத்தை அவளுடைய பெயராக்க மறுத்துவிட்டது. இந்த இரண்டையும் ஒருங்கே செய்திருப்பதே இந்நூலின் பெருமை என்பது என் எண்ணம்.

இதே பெத்லகேமுக்குப் போகும் வழியில்தான், பல தலைமுறைகளுக்கு முன்னே, ராகேல் பிரசவ வேதனையில் உயிர் பிரியும்போது தன் மகனுக்குத் துக்கத்தின் புத்திரன் என்னும் பொருளில் பெனோனி என்று பெயரிட்டாள். தகப்பனாகிய யாக்கோபு அதனை மாற்றிப் பென்யமீன் என்று அழைத்தான். அங்கே ஒரு துக்கப் பெயரை நீக்குவதற்கு ஓர் அதிகாரக் குரல் வேண்டியிருந்தது. நகோமியின் விஷயத்தில் அப்படி எந்தக் குரலும் எழவில்லை. ஆயினும் அவள் உரைத்த 'வெறுமை' என்னும் சொல் மட்டும் இடையில் ஒருமுறை திரும்பி வருகிறது: ஆறுபடி வாற்கோதுமையை ரூத்தின் மேல் சுமத்தி அனுப்பும் போவாஸ் என்னும் எலிமெலேக்கின் உறவினன், மாமியாரண்டைக்கு வெறுமையாய்ப் போகாதே என்று சொன்னதாக ரூத் வந்து தெரிவிக்கிறாள், மூலத்தில் இரண்டிடத்திலும் ஒரே சொல்.

பின்பு நகரவாசலில் வழக்கு நடக்கிறது. இறந்தவன் பெயர் இஸ்ரவேலில் அற்றுப்போகாதபடி அவன் மனைவிக்கு அவனுடைய சகோதரன் சந்ததி உண்டாக்க வேண்டும் என்பது உபாகமத்தில் காணும் முறைமையின் கருத்து; இங்கே அந்தக் கடமை நெருங்கிய உறவினன்மேல் வருகிறது. போவாஸைவிட நெருங்கிய சுதந்தரவாளி ஒருவன் இருந்தான். எலிமெலேக்கின் நிலத்தை மீட்க இசைந்தவன், ரூத்தையும் ஏற்க வேண்டும் என்று அறிந்ததும், தன் சுதந்தரம் கெடும் என்று அஞ்சிப் பின்வாங்கினான். அவனை மூலநூல் 'பெலோனி அல்மோனி', அதாவது 'இன்னான்' என்று மட்டுமே குறிக்கிறது. பிறன் பெயரைக் காக்க மறுத்தவனுக்குச் சரித்திரத்தில் பெயரே இல்லாமற் போயிற்று. ஆசிரியர் இதை அறியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

போவாஸ் ரூத்தை மணந்து குழந்தை பிறந்தபோது, அதற்கு ஓபேத் என்று பெயரிட்டவர்கள் தாயுமல்லர், தகப்பனுமல்லர். அண்டை வீட்டுப் பெண்கள். ஏழு குமாரரைப் பார்க்கிலும் மேலானவள் உன் மருமகள் என்று நகோமிக்கு அவர்கள் எடுத்துக் கூறியது, வெறுமையாய் வந்தேன் என்று அவள் சொன்ன நாளில் அவள் அருகிலேயே நின்றிருந்த ரூத்தை நினைத்துத்தான் போலும். அதற்கு நகோமி என்ன விடை கூறினாள் என்று நூலில் இல்லை; நான்காம் அதிகாரத்தில் அவள் பேசுவதாக ஒரு சொல்லும் கிடையாது. தான் முன்பு சொன்னதை அவள் மீட்டுக்கொள்ளவுமில்லை. மீட்டுக்கொள் என்று கேட்டாரும் இல்லை. பேரன் பிறந்துவிட்டான் என்பதனால் மக்லோனும் கிலியோனும் உயிரோடு வந்துவிடவில்லையே!

அந்தப் பிள்ளை யாருடைய மகன்? முறைமையின்படி பார்த்தால், எவன் பெயர் நிலைக்க வேண்டும் என்று மணம் நடந்ததோ அந்த மக்லோனுடைய மகன். நூலின் கடைசியில் பேரேஸ் தொடங்கித் தாவீது வரை பத்துத் தலைமுறைகளை அடுக்கும் வம்ச வரலாறோ, மக்லோனை விட்டுவிட்டு, போவாஸ் ஓபேத்தைப் பெற்றான் என்கிறது. பெண்கள் சொன்னது வேறு: நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது என்றார்கள். மூன்றிலும் இந்தக் கடைசி வாக்குக்கே நான் முதலிடம் கொடுப்பேன். ஏனெனில், மாராள் என்று அழையுங்கள் என்னும் வேண்டுகோளை நேரிற் கேட்டவர்கள் அந்த ஊர்ப் பெண்களே.