ஒற்றைக் குஞ்சு எழுப்பிய வினா

காக்கையின் அலகிலிருந்து தவறிக் கிணற்றடியில் விழுந்த கோழிக்குஞ்சு ஒன்றை நாம் எடுத்து வளர்த்தோம். எவர் வீட்டினது என்பது தெரியவில்லை. கூடையின் மேல் மின்விளக்கைத் தொங்கவிட்டோம். முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். தனிமையில் ஓயாது கத்தியமையால் கண்ணாடித் துண்டொன்றை உள்ளே வைத்தோம். அதுவும் ஒருவகைப் பொய்தானே!

ஆறு வாரங்களில் இறகு நிரம்பியது. இனி அதனை அண்டை வீட்டுக் கோழிகளோடு சேர்ப்பதா? அவர்கள் நல்லவர்கள்; ஆயினும் ஊன் உண்பவர்கள். அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தலும் ஒன்று. இனம் பிரித்து அடைத்து வைப்பது அக்குற்றத்தைச் சாராதா? அறிந்தே கத்தியின் வழியில் விடுவதோ கொலைக்கு உடன்படுதலாகும். தாய்சொற்கு இணங்கி மாக்கோழியைப் பலியிட்டதற்கே யசோதரன் பல பிறவிகள் உழன்றதை யசோதர காவியம் உரைக்கின்றது.

அவர்களிடமே இரு பெட்டைகளை விலைக்குப் பெற்றோம். அப்பணத்தில் அவர்கள் வேறு இரண்டு வாங்கினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒரு வாரம் கம்பிவலைக்கு இருபுறமும் வைத்துப் பழக்கிய பின், ஓரிரவு அவை உறங்குகையில் குஞ்சை அருகில் விட்டோம். விடிந்ததும் கொத்தின. விரட்ட எழுந்த கையை அடக்கிக்கொண்டோம். குருதி கண்டாலன்றி இடைபுகலாகாது, அவற்றின் வரிசையை அவையே வகுத்துக்கொள்ளும். சில நாட்களில் ஒன்றாகத் தோட்டத்தைக் கிளறின.

பெட்டைகள் இடும் முட்டைகளை என்செய்வது என்பதில் இல்லத்தில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.