சொல்லாத வாக்கியம்

விரூபாக்ஷி குகைக்கு ஏறும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது ஒரு பாடபேதப் பிரச்னை. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை அங்கே ரமணரிடம் சில கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. சைகையாலும் எழுதிக் காட்டியும் பதில் தந்தார். பிள்ளை குறித்துவைத்துக்கொண்டார். 'நான் யார்?' அச்சேறியது 1923இல். பிறகு 28 கேள்விகளுடனும் 30 கேள்விகளுடனும் பதிப்புகள் வந்தன. கேள்விகளை நீக்கி ரமணரே கட்டுரையாக்கியது இன்னொரு வடிவம்.

முதல் பதிலில், உடம்பிலிருந்து தொடங்கி 'நான்' அல்லாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகும் பகுதி ரமணர் சொன்னதல்ல. தத்துவம் படித்தவரான பிள்ளை தன் தெளிவுக்காகச் சேர்த்துக்கொண்டது. கைப்பிரதியில் அதைப் பார்த்து, தான் இதைச் சொல்லவில்லையே என்றாராம் ரமணர். ஆனால் அடிக்கவில்லை. கட்டுரையிலும் இருக்க விட்டார். அவர் உண்மையில் தந்த பதில் மட்டும் அங்கே தடித்த எழுத்தில் நிற்கிறது.

1863இல் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் ஆற்றிய உரைக்கு அவர் கையெழுத்திலேயே ஐந்து பிரதிகள் உண்டு. முதல் இரண்டில் கடவுள் பெயர் இல்லை. நிருபர்கள் கேட்டு எழுதியதில் இருக்கிறது. பிந்திய பிரதிகளில் லிங்கனே அதை எழுதிவிட்டார். இந்த இரண்டு இடத்திலும் சொன்னவர் உயிரோடிருந்தார், பார்த்தார், தீர்மானித்தார். சேர்த்தவனுக்கு அது ஒரு பாதுகாப்பு.

எனக்கு அது இல்லை. இந்த ஊரில் ஒரு மூத்த கவிஞர் பேசியதை நான் குறிப்பெடுத்துச் சிறுபத்திரிகை ஒன்றில் வெளியிட்டேன். ஒலிப்பதிவு கிடையாது. ஓரிடத்தில் இரண்டு எண்ணங்களுக்கு நடுவே தொடர்பு விட்டுப்போனதாகப் பட்டது. ஒரு வாக்கியம் எழுதி இணைத்தேன். அவர் படித்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதமென்று வைத்துக்கொண்டேன். அவர் இறந்தபின் அவருடையதாக எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த வாக்கியத்தைத்தான்.

கேட்டு எழுதுகிறவன் எதையும் சேர்க்காமல் இருக்க முடியாது. எதை எடுக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதே ஒரு சேர்க்கைதான். தவறு சேர்த்ததில் இல்லை, தையல் தெரியாமல் மறைத்ததில் இருக்கிறது. பிள்ளையின் சேர்க்கை இன்றைக்கும் பிள்ளையுடையதாகத் தெரிகிறது. என்னுடையது அவருடையதாகிவிட்டது. தொடர்பில்லாமல் விட்டதே அவர் சொல்ல விரும்பியதாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே இங்கே பதிவு செய்கிறேன்: அச்சான அந்தப் பேச்சில் இரண்டாம் பத்தியின் கடைசி வாக்கியம் அவர் சொன்னதல்ல. நான் எழுதியது.