பலகையில் வைக்கும் முதல் அடி

தோப்பூர் வயல்களில் விதைப்புத் தொடங்கிவிட்டால் பட்டி மாடுகளை வேறு மேய்ச்சல் தரைக்கு மாற்ற வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் குர்பானி மாடுகளைக் கொண்டுவர வேண்டும். நடத்திக் கொண்டுபோக முடியாத தூரமென்றால் உழவு இயந்திரப் பெட்டி, இல்லையேல் லொறி. ஏற்றும்போதுதான் வாலை முறுக்குவதும் கம்பால் குத்துவதும் நடக்கின்றன. மாடு பிடிவாதம் பிடிக்கவில்லை, பயப்படுகிறது.

கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் அது 300 பாகைக்கு மேல் பார்க்கும். ஆனால் காலடியில் விழுந்த நிழலா, பள்ளமா என்பது சட்டென்று பிடிபடாது. வெயிலில் நின்ற கண்ணுக்கு லொறியின் உட்புறம் கிணற்றிருட்டு. குளம்பு பட்டதும் ஏற்றும் பலகை வேறு அதிர்கிறது. அமெரிக்க விலங்கு அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் 1970களில் மாடுகள் போகும் ஒடுங்கிய பாதைக்குள் தானே இறங்கி, அவற்றின் கண்மட்டத்தில் பார்த்தார். தொங்கும் ஒரு சங்கிலி, தரையில் ஒரு வெளிச்சக்கீற்று போதும், மந்தையே நின்றுவிடும்.

குதிரையை வண்டியேற்றப் பழக்குவோர் கயிற்றை மெல்ல இழுத்துப் பிடித்திருப்பார்கள். அது ஓரடி முன்வைத்த கணமே தளர்த்திவிடுவார்கள். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. மாட்டுக்கும் இதையே செய்யலாம். லொறியை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்துங்கள். பலகையில் வைக்கோல் பரப்புங்கள். சாதுவான மாட்டை முதலில் ஏற்றுங்கள், மற்றவை பின்தொடரும். மிருகவதை இலங்கையில் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி குற்றம்; இறைவனுக்கென்று நேர்ந்த பிராணியை அடித்து ஏற்ற நமக்கு எப்படி மனம் வருகிறது? பொறுமையாக ஏற்றினால் அரைமணி நேரம் கூடச் செல்லும். செல்லட்டும்.