களஞ்சியம் புதுக்குதலும் ஒப்புரவறிதலும்

மனிதன் தன் கையாற் சமைத்த பொருள் எதுவாயினும் அதற்கு ஒரு மூப்பு உண்டு. மழையும் வெயிலும் கறையானும் அதனை நாடோறும் சிறிது சிறிதாக உண்டு வருகின்றன. உழவன் நெல்லைக் காத்தற்பொருட்டுக் களஞ்சியம் எழுப்புகின்றான். ஆண்டுகள் சில கழிந்தபின் அக்களஞ்சியத்தைக் காத்தலே அவனுக்கு ஒரு கடமையாகின்றது. மன்னாரினின்று பூநகரி நோக்கிச் செல்லும் மேற்குக் கரைவழியில் அமைந்த வெள்ளாங்குளம் முதலாய உழவர் ஊர்களுக்கு இஃது அறியாத செய்தியன்று.

கொம்பறையைப் பிரித்துக் கட்டுதற்கு நெல் குறைந்திருக்கும் காலம் பார்க்கவேண்டும். மாரி தொடங்குமுன் முடித்தலும் வேண்டும். கூரையினின்று ஓலையை இறக்கிச் சிலாகைகளைக் கழற்றி, வளையை இறக்கி, கப்புகளை அசைத்துப் பிடுங்கி, உளுத்த மரத்தை ஒருபுறமும் உரமுள்ள மரத்தை மற்றொரு புறமும் அடுக்கவேண்டும். பனையோலையும் கிடுகும் சில ஆண்டுகளில் மடிந்துபோம். பாலையும் முதிரையும் தந்தைக்கு நின்றவாறே மகனுக்கும் நிற்கும். இவ்வேலை தனியொருவனால் ஆவதன்று. நீண்ட வளையின் இரு தலையையும் ஒருங்கே தூக்கினாலன்றி அது கப்பின்மேல் ஏறாது. ஆகலின் அயலார் வருகின்றனர். இங்ஙனம் அயலார் வந்து தோள்கொடுத்தல் யாது? கூலியா, கடனா, கொடையா? அன்றி இம்மூன்றின் வேறாய ஒன்றா? இவ்வினாவையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஓர் ஐயம் நீக்கற்பாலது. முன்னோர் கட்டியதைப் பிரித்தல் அழித்தலாகாதோ எனின், ஆகாதென்க. உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் நம் சித்தாந்தத்தின் அடிப்படை. காரியம் அழிதலாவது தன் காரணத்தில் ஒடுங்குதலேயன்றி இன்மையாதலன்று. ஆலயத் திருப்பணியிலும் பழையதைப் பிரிக்குமுன் மூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச்செய்து, பணி முடிந்தபின் மீளத் தாபித்தல் ஆகம வழக்கு. சீர்கெட்டதைச் சீராக்குதற்கு ஆகமமே விதி வகுத்திருக்க, பிரித்தலுக்கு அஞ்சவேண்டுவதில்லை.

ஆயினும் ஒடுங்கியது தானே எழாது. குடத்திற்கு மண் முதற்காரணம். திரிகை முதலியன துணைக்காரணம். குயவன் நிமித்தகாரணம் என்பது மாணாக்கரும் அறிந்த உவமை. பிரித்த களஞ்சியத்தின் மரமும் ஓலையும் முதல். உளியும் கயிறும் துணை. இவை இரண்டும் முற்றத்தில் ஆண்டு முழுவதும் கிடப்பினும் களஞ்சியம் ஆகா. அவற்றை எழுப்பும் அறிவுடைய வினைமுதல் வேண்டும். வீட்டுக்காரன் ஒருவனே அவ்வினைமுதல் ஆதல் அரிது; அவனும் அயலாரும் ஒருமனப்பட்டு நிற்கும் அன்றே அது நிறைவுறுகின்றது. ஆகவே அயலார் உதவியை வேலைக்குப் புறம்பான ஒரு சிறப்பாகக் கருதலாகாது. அஃது இல்லையேற் கிடப்பது மரக்குவியலே.

இனி அவ்வுதவியின் இயல்பை நோக்குவாம். அது கூலி என்பார் கூற்றில் ஓர் உண்மை உண்டு. உழைத்தவனுக்கு ஊதியம் கொடாது விடுதல் பாவம். தச்சனுக்கும் மேய்வானுக்கும் உரியதை அன்றே கொடுத்தல் வேண்டும். ஆனால் கூலி கொடுத்த அளவில் உறவு முடிகின்றது. பணம் இல்லாதான் களஞ்சியம் பிரிந்தே கிடக்கும்.

அது கடன் என்பார், இன்று நான் உன் வளையைத் தூக்கினேன், நாளை நீ என் வளையைத் தூக்குக என்பர். இம்மாற்றுமுறை நன்றே; நம் ஊர்கள் பலவற்றில் உழவும் அறுவடையும் வீடு மேய்தலும் இதனாலேயே நடந்தன. ஆயினும் மாற்றாக அனுப்புதற்கு ஆளில்லாத வீடு ஒன்று உளதாயின் என் செய்வது? கணவனை இழந்தவளும், பிள்ளைகளைப் போரிற் பறிகொடுத்த முதியோனும், நோயாற் படுத்தவனும் எத்தோளைத் திருப்பிக் கொடுப்பர்? கடன்முறை ஒன்றையே நம்பின், மிகவும் வேண்டியவருக்கே உதவி கிட்டாமற் போம்.

அது கொடை என்பாரோ, அவ்வெளியாரை நோக்கி இரங்குவர். இரக்கம் நல்லதே. எனினும் கொடுப்பவன் மேலும் ஏற்பவன் கீழும் நிற்கும் நிலை அதனுள் மறைந்துள்ளது. நேற்றுவரை அயலாளாயிருந்தவள், உதவி பெற்ற இன்றுமுதல் இரவலாளாகத் தலைகுனிந்து நடப்பாளாயின், அவள் கூரை உயர்ந்தும் அவள் தாழ்ந்தாள் அன்றோ?

திருவள்ளுவனார் இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர்போலும். அவர் ஈகை என்னும் 23 ஆம் அதிகாரத்திற்கு முன்னர் ஒப்புரவறிதல் என்னும் 22 ஆம் அதிகாரத்தை வேறாக வைத்தார். இரண்டும் ஒன்றாயின் இரண்டு அதிகாரம் வேண்டா. ஈகை வறியார்க்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்வான் ஒருவன் தனக்கு உரிய கடப்பாடாக அறிந்து செய்வது. ஒப்புரவு என்னும் சொல்லிலேயே ஒப்பு உளது; மேல் கீழ் இல்லை. அன்றியும் 'செய்தல்' என்னாது 'அறிதல்' என்றமை காண்க. எவ்வீட்டில் எது தளர்ந்தது என்று கேளாமலே அறியும் அறிவு அதற்கு முதலாக வேண்டும் என்பது போதரும். அயலார் தோள்கொடுத்தல் இவ்வொப்புரவே என்பது நம் துணிபு.

இதனைச் சைவ நன்மக்கள் திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த வரலாற்றிலும் கண்டு தெளியலாம். வையை பெருகிக் கரை உடைந்தபோது குடிக்கு ஒரு பங்காகக் கரை அடைக்கப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்று வாழ்ந்த வந்தி என்னும் முதியாள் தன் பங்கிற்கு அனுப்ப ஆளின்றி வருந்தினாள். சோமசுந்தரக் கடவுள் கூலியாளாக வந்து அவள் பங்கை ஏற்றார். ஈண்டு இரண்டு நுட்பங்கள் உள. அவளுக்கு ஆளில்லை என்று அவள் பங்கு ஊர்க்கணக்கினின்று நீக்கப்படவில்லை; ஊரில் ஒருத்தியாகவே அவள் நின்றாள். மற்றொன்று, இறைவர் அவளிடம் ஒன்றும் பெறாது செய்தாரல்லர். உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கேட்டு உண்டார். எல்லாம் உடைய பெருமானுக்குப் பிட்டு எற்றுக்கு? வந்தியும் கொடுப்பவளாக நிற்றற்பொருட்டே என்று நாம் கொள்கின்றோம். ஆகவே கொம்பறை எழுப்ப வந்தோர் அவ்வீட்டு முதியாள் காய்ச்சிய கஞ்சியை வேண்டாவென மறுத்துப் போதல் அறமன்று. அவள் கொடுப்பதை அன்போடு உண்டு போதலே ஒப்புரவின் நிறைவு. கொடாதிருக்க வல்லார் சோம்பியிருந்து பிறர் உழைப்பை உண்பரே என்று அஞ்சுவார்க்கும் இதுவே விடை: எல்லாரும் கொடுக்கவேண்டும், ஒரே பொருளை, ஒரே அளவில், உதவியவனுக்கே கொடுக்கவேண்டும் என்பதில்லை.

ஈண்டு ஒரு தடையை மறையாது கூறுதல் வேண்டும். அயலார் உதவி என்னும் அழகிய பெயரால் முற்காலத்தில் நடந்த யாவும் அன்பினால் நடந்தனவல்ல. இலங்கையில் அரசுக்குக் கட்டாய ஊழியஞ் செய்யும் இராசகாரிய முறை 1832 இல் ஒழிக்கப்பட்டது. அடிமைமுறை 1844 இற் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின்னும் நம் ஊர்களில் ஒரு சாரார் பிறப்பின் காரணமாகவே பிறர் வீட்டு வேலைக்கு அழைக்கப்பட்டனர். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்க்கு இல்லை. கூரை ஏறலாம், பந்தியில் அமரலாகாது என்றிருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வரவேண்டியிருந்தமையே அந்நிலைக்குச் சான்று. மறுக்கும் உரிமை இல்லாதவன் செய்யும் உதவி உதவியன்று. வளையின் ஒரு தலையைத் தாங்கியவனுக்கும் மறுதலையைத் தாங்கியவனுக்கும் ஒரே பந்தி இல்லையாயின், அவ்வீட்டில் ஒப்புரவு நிகழ்ந்ததெனக் கூறற்க. பெருமான் மேல் விழுந்த பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது என்ற புராணச் செய்தியை ஓதியும், ஒருவன்மேல் விழும் இழிவு தம்மேற் படாதென்று இருப்போர் அதன் பொருளை உணர்ந்தாரல்லர்.

அன்றியும் மன்னார்க் கரையில் அயலான் என்போன் சைவனாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. கத்தோலிக்கரும் இசுலாமியரும் நம்மோடு ஒரே காற்றையும் ஒரே மாரியையும் பகிர்ந்து வாழ்வோர். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியில் ஆமிசு என்னும் கிறித்தவக் குடியினர் ஒருவன் களஞ்சியம் எரிந்தாலும் இடிந்தாலும் ஊராகத் திரண்டு கூலியின்றி எழுப்பித் தருகின்றனர். நல்லதெனின் யார்மாட்டும் கண்டு போற்றுதல் சைவத்திற்கு இழுக்கன்று.

இவ்வறத்தின் அருமை அண்மைக்காலத்தில் நமக்கு வெளிப்பட்டது. 2008 இல் போர் இக்கரையூர்களை வந்து சூழ்ந்தபோது மக்கள் வீடும் நெல்லும் விட்டு இடம்பெயர்ந்தனர். 2009 இல் போர் முடிந்தபின் மெல்ல மீண்டோர் கண்டவை கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய முற்றங்களுமே. இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் 2012 அக்டோபர் முதல் வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் வழங்கப்பட்டது. உடையவரே கட்டுவிக்கும் முறையாதலின் பணம் வேலை முன்னேறியபடி தவணையாக வந்தது. பேருதவியே அது. ஆயினும் பணம் வங்கிக்கு வரும். வளையின் மறுதலையைத் தூக்க அது வாராது. கல் சுமக்கவும் காவல் இருக்கவும் கணக்குப் பார்க்கவும் ஆளில்லாத வீட்டிற்கு அடுத்த தவணையும் தொலைவாகும். அரசு கொடுப்பதும் அயல் கொடுப்பதும் வேறு வேறு. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

ஒப்புரவின் பயன் செய்தவனிடமே திரும்புவதன்று என்றோம். அதற்குத் திருக்கேதீச்சரமே சான்று. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்தைப் போர்த்துக்கேயர் 16 ஆம் நூற்றாண்டில் இடித்தனர். அதுவும் பிரித்தலே, ஆனால் மீளக் கட்டும் கருத்தில்லாத பிரித்தல். அதனை மீட்கவேண்டுமென்று ஆறுமுக நாவலர் 1872 இற் சைவ மக்களைத் தூண்டினார். 1879 இல் இறைவனடி சேர்ந்தார். நிலம் வாங்கப்பட்டது 1893 இல். சிறிய கோயில் எழுந்து குடமுழுக்கு நிகழ்ந்தது 1903 இல். திருப்பணிச் சபை 1948 இல் அமைந்தது. கருங்கற்றிருப்பணி நிறைவுற்றுப் பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது 2022 சூலை 6 ஆம் நாளில். நாவலர் தூக்கிய தலைக்கு மறுதலையைத் தூக்கினோர் அவர் காணாத தலைமுறையினர். அவர்க்கு யார் கைம்மாறு செய்தார்? செய்ய வேண்டியதும் இல்லை. பணி தொடர்ந்தமையே கைம்மாறு.

ஆசிரிய அன்பர்களே, இவ்வறத்தை ஏட்டில் மட்டும் பயிற்றுதல் போதாது. வந்தி கதையைச் சொல்லும் நாளில், நம் ஊரில் ஆளில்லாத வீடு எது என்று மாணாக்கரைக் கேளுங்கள். அவர்கள் அறிவர், பிள்ளைகளுக்கு ஊர் நன்கு தெரியும். மாரிக்கு முன் அவ்வீட்டுக் கூரைக்கு ஓலை சுமக்க அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். விரும்பியோர் வரட்டும், வற்புறுத்த வேண்டா. வேலை முடிந்தபின் அவ்வீட்டார் தருவதை எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள். நாவுக்கரசர் கையில் உழவாரம் இருந்தமையை எத்தனை முறை சொல்லியும் பதியாத பொருள், ஓர் ஓலைக்கட்டைத் தோளிற் சுமந்த அன்று அப்பிள்ளைக்கு விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.